சாவியை எடுத்த பின்னும் ஓடும் எஞ்சின்

காரை நிறுத்திச் சாவியை வெளியே எடுத்துவிட்டீர்கள். ஆனால் எஞ்சின் நிற்கவில்லை. படபடவென்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இது பேய்க்கதை அன்று. 1976 முதல் 1986 வரை மேற்கு ஜெர்மனியில் செய்யப்பட்ட '123' வரிசை மெர்சிடிஸ்-பென்ஸ் டீசல் கார்களை இன்றும் வைத்திருப்போர் பலருக்குப் பழக்கமான வேடிக்கை இது. அவர்கள் பதறுவதில்லை. முன்மூடியைத் திறந்து, எஞ்சின் மேலுள்ள சிறு நெம்புகோல் ஒன்றை அழுத்துவார்கள், எஞ்சின் அடங்கிவிடும். பிறகு கதவுப் பூட்டுகளைச் சோதிக்கத் தொடங்குவார்கள்!

கதவுப் பூட்டுக்கும் எஞ்சினுக்கும் என்ன உறவு? அதை அறிய டீசல் எஞ்சினின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை அமுக்கினால் அது சூடேறும். ருடால்ஃப் டீசல் இந்த உண்மையைத்தான் பிடித்துக்கொண்டார். உருளைக்குள் காற்றை மட்டும் கடுமையாக அமுக்கி, அந்தச் சூட்டில் எண்ணெயைத் தூவினால் அது தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினுக்குத் தேவையான மின்பொறி இதற்கு வேண்டாம். ஆக்ஸ்பர்க் நகரில் பல ஆண்டு முயற்சிக்குப் பின், 1897இல் அவருடைய எஞ்சின் நன்கு ஓடியது.

ஆனால் அது காருக்குப் பொருந்தவில்லை. எண்ணெயைத் தூவ அழுத்தக் காற்று தேவைப்பட்டது. அதற்குத் தனியாக ஒரு கனத்த எந்திரம் வேண்டியிருந்தது. தொழிற்சாலையிலும் கப்பலிலும் அதற்கு இடம் உண்டு, காரில் ஏது? இந்தச் சிக்கலை இருவழிகளில் அவிழ்த்தனர். பென்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் பிராஸ்பர் லொராஞ்ச், உருளைக்கு அருகில் ஒரு சிறு அறை அமைத்து எண்ணெயை முதலில் அங்கே பற்றவைக்கும் முறைக்கு 1909இல் காப்புரிமை பெற்றார். அடுத்து, எண்ணெயை நேரடியாக உயர் அழுத்தத்தில் அனுப்பும் பம்பை பாஷ் நிறுவனம் 1927இல் பெருமளவில் செய்யத் தொடங்கியது. இந்தப் பம்பில் உள்ள உலக்கைக்கும் அதன் குழலுக்கும் இடையேயுள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்குதான். அவ்வளவு நுட்பமான பொருள் ஐம்பது ஆண்டு உழைக்கிறது என்பதே எனக்கு இந்தக் கதையில் பெருவியப்பு.

1936இல் பெர்லின் மோட்டார் கண்காட்சியில் 260டி என்ற டீசல் கார் வந்தது. 45 குதிரைத்திறன், வேகம் குறைவு, ஓசை அதிகம். ஆனால் எண்ணெய்ச் செலவு குறைவு என்பதால் டாக்சிக்காரர்கள் விரும்பி வாங்கினர். அந்த மரபில் வந்ததே 123 வரிசை. பெட்ரோல் வகைகளையும் சேர்த்து ஏறக்குறைய 27 லட்சம் கார்கள் இந்த வரிசையில் வெளிவந்தன. இதன் 200டி வகை, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அரை நிமிடம் பிடிக்கும். குளிர்ந்த காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன், ஹீட்டர் பிளக் சிவக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை 'ருடால்ஃப் டீசல் நினைவு நிமிடம்' என்று ஜெர்மானியர் கேலி செய்தனர்.

ஒருமுறை கிளம்பிவிட்டால், அந்த எஞ்சின் ஓட மின்சாரமே தேவையில்லை. பம்பை எஞ்சினே சுழற்றுகிறது. பம்பு எண்ணெயைத் தருகிறது. அமுக்கச் சூடு அதைப் பற்றவைக்கிறது. அப்படியானால் அதை நிறுத்துவது எப்படி? எண்ணெயை அடைக்க வேண்டும். 123 வரிசையில் இந்த வேலையைச் செய்வது வெற்றிடம். எஞ்சினோடு சுழலும் ஒரு சிறு பம்பு வெற்றிடத்தை உண்டாக்குகிறது. சாவியைத் திருப்பியதும் அந்த வெற்றிடம் ஒரு தகட்டை இழுத்து எண்ணெயை நிறுத்தும். அதே வெற்றிடந்தான் கதவுகளையும் பூட்டுகிறது. கதவுக்குள் ஒரு ரப்பர்க் குழாய் வெடித்துக் காற்று புகுந்தால், தகட்டை இழுக்க வலிமை போதாது. ஆகவே எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். புதிர் அவிழ்ந்ததா?

பழைய ஜெர்மன் கார்களை விரும்புவோரின் மனம் இங்கேதான் விளங்குகிறது. கோளாறு விசித்திரமாக இருக்கலாம். ஆனால் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை வால்வு இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். உள்வாங்கும் வால்வுக்கு அது 0.10 மில்லிமீட்டர். இதை மறந்தால் இடைவெளி மெல்ல மெல்ல அடைபட்டு, வால்வு முழுதாக மூடாது, அமுக்கம் குறையும், காலையில் எஞ்சின் கிளம்ப மறுக்கும். அளவுத் தகடும் இரண்டு ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய வேலை.

கிரீஸ் நாட்டில் தெசலோனிகி நகர டாக்சி ஓட்டுநர் ஒருவர், 1976இல் செய்யப்பட்ட 240டி காரை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். 2004இல் அது ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அந்தத் தூரம் முழுவதையும் ஒரே எஞ்சின் ஓடிவிடவில்லை. பலமுறை எஞ்சினை மாற்றினார்கள். தேயாத பொருள் உலகில் இல்லை. தேய்ந்ததை மாற்ற முடிகிறதா என்பதே கேள்வி.

அந்த 240டியின் 2.4 லிட்டர் எஞ்சின் நமக்கும் அந்நியமன்று. புனேயின் பஜாஜ் டெம்போ நிறுவனம் 1980களில் உரிமம் பெற்று அதை இந்தியாவில் செய்தது. டெம்போ டிராக்ஸ், டிராவலர் வண்டிகளில் திருமணத்துக்கோ திருத்தலத்துக்கோ போயிருந்தால், அதன் ஓசையை நீங்களும் கேட்டிருக்கலாம்.

1997 முதல் கார்களில் புதுவகை டீசல் எஞ்சின்கள் வந்தன. எவ்வளவு எண்ணெய், எந்தக் கணத்தில் என்பதை அவற்றில் கணிப்பொறி தீர்மானிக்கிறது. அவை வேகமானவை, ஓசை குறைந்தவை, புகையும் குறைவு. ஆனால் கணிப்பொறியின் முடிவை உரிமையாளர் பார்க்க முடியாது. 2015இல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில், சோதனையின்போது மட்டும் நச்சுவாயுவைக் குறைத்துக்காட்டும் கட்டளைகளை வைத்திருந்தது வெளிப்பட்டது. பழைய பாஷ் பம்புக்கு இப்படிப் பொய் சொல்லத் தெரியாது என்று பழைய கார்க்காரர்கள் சிரித்தார்கள்.

சிரித்தது சரிதான், ஆனால் அவர்களுடைய கார் உண்மையாகவே கரித்துகளைக் கக்குகிறதே! அதில் வடிகட்டி கிடையாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. இந்தக் கார்களிடம் எனக்குள்ள மதிப்பு, அவற்றின் பின்னால் நடந்துபோகும் குழந்தையின் நுரையீரலுக்கு ஒரு பயனும் தராது. ஜெர்மன் நகரங்கள் 2008 முதல் அதிகப் புகை கக்கும் வண்டிகளுக்குத் தடை விதித்த பகுதிகளை அமைக்கத் தொடங்கின. ஆனால் 30 ஆண்டு நிறைந்து, பழமை கெடாமல் பேணப்பட்ட கார்களுக்கு, எண்பலகையில் 'ஹெச்' என்ற எழுத்தைச் சேர்த்துத் தரும் முறை அங்கு 1997 முதல் உண்டு. அந்த எழுத்துள்ள கார்களுக்குத் தடையிலிருந்து விலக்கு அளித்தார்கள். 1986 சனவரியில் வெளிவந்த கடைசி 123 வரிசைக் கார்களும், துருவுக்குத் தப்பியவையாக இருந்தால், 2016இல் அந்த வயதை எட்டிவிட்டன.