மிஸிஸிப்பியை அடைக்க ஒரு வாக்கு

மலைகளுக்கு அப்பால் குடியேறிய உழவனுக்கு ஆறே பெருவழி. கென்டக்கியில் விளைந்த புகையிலையை அப்பலாச்சியன் மலைத்தொடரைக் கடந்து கிழக்கே சுமந்து சென்றால் சுமைகூலியே விலையை விழுங்கிவிடும். ஓஹியோ ஆற்றில் தட்டைப் படகை விட்டாலோ, மிஸிஸிப்பியின் நீரோட்டமே அதனை நியூ ஆர்லியன்ஸில் கொண்டு சேர்க்கும். ஆனால் அவ்வாற்றின் வாயில் ஸ்பெயினின் கையிலிருந்தது. 1783ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில், முகத்துவாரம் வரை கலம் செலுத்தும் உரிமையை அமெரிக்கர்க்கு ஒப்புக்கொண்டது பிரிட்டன். தன் கையில் இல்லாததை வழங்குவது எளிதன்றோ! 1784இல் ஸ்பெயின் கீழாற்றை அவர்களுக்கு அடைத்துவிட்டது.

மறு ஆண்டு டியேகோ டி கார்டோக்கி ஸ்பெயினின் தூதராக வந்தார். அவருடன் பேசிய அயலுறவுச் செயலர் ஜான் ஜேக்கு, ஆற்றுரிமையை விட்டுக்கொடுத்தல் ஆகாது என்பது காங்கிரஸின் கட்டளை. 1786 ஆகஸ்ட் 3ஆம் நாள் அவர் அவைமுன் வந்து, வாணிப உடன்படிக்கையின் பொருட்டு 25 அல்லது 30 ஆண்டுகள் ஆற்றைப் பயன்படுத்தாதிருக்க இசையலாம் என்றார். உரிமை நீங்குவதில்லை, பயன் மட்டுமே நிறுத்திவைக்கப்படுகிறது என்பது அவர் வாதம். உடைமை வேறு, அதன் பயன் வேறு எனப் பிரித்தல் சட்டநூல் பயின்றோர்க்குப் புதிதன்று. ஆயின், அந்தப் பகுப்பைக் கொண்டு கென்டக்கி உழவன் ஒரு பொதிப் புகையிலையையேனும் விற்க இயலுமா? ஜேயைத் துரோகி என்பதும் தகாது; கருவூலம் வறண்டிருந்தது, வலிமையற்ற நாடு பேரம் பேசிற்று.

வடபுல மாநிலங்களுக்குக் கப்பலும் மீனும் பெரிது. தென்புலத்தார்க்கோ மேற்கு நிலங்கள் பெரிது. ஸ்பெயின் தனக்குத் தேவையான மீனை எப்படியும் வாங்கும், இவ்வுடன்படிக்கையால் புதிதாய்ப் பெறுவது ஏதுமில்லை என வாதிட்டார் தென் கரோலினாவின் சார்ல்ஸ் பிங்க்னி. வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மன்றோ இதில் வடவரின் சூழ்ச்சியையே கண்டார். ஆகஸ்ட் 29ஆம் நாள் 7 மாநிலங்கள் கட்டளையை நீக்க வாக்களித்தன, 5 எதிர்த்தன. உடன்படிக்கை நிறைவேற 9 வேண்டும். ஆகவே வென்ற வாக்கு பயனற்றுப் போயிற்று.

அச்சம் மட்டும் மறையவில்லை. உடன்படிக்கைக்கு மூன்றில் இரு பங்கு செனட்டர் இசைவு வேண்டும் என்ற புதிய அரசியலமைப்பும் வர்ஜீனியரின் ஐயத்தை முற்றும் தீர்க்கவில்லை. 1788இல் ரிச்மண்ட் மாநாட்டில் பாட்ரிக் ஹென்றி இதே ஆற்றைக் காட்டி அவ்வமைப்பை எதிர்த்தார்.

1795 அக்டோபர் 27 அன்று ஸ்பெயினிடம் அந்த உரிமையைப் பெற்றவர் சார்ல்ஸின் உறவினரான தாமஸ் பிங்க்னி. நியூ ஆர்லியன்ஸில் சரக்கை இறக்கி வைத்து, சுங்கமின்றிக் கப்பலேற்றவும் 3 ஆண்டுகளுக்கு இசைவு கிடைத்தது.