பாலைக் கரையும் பார்க்கும் உரிமையும்: பாஹா கலிபோர்னியாவின் திமிங்கலப் பயணங்கள் குறித்து ஓர் ஆய்வு

மெக்சிகோவின் வடமேற்கில், பசிபிக் பெருங்கடலுக்கும் கலிபோர்னியா வளைகுடாவுக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குத் தெற்கு நோக்கி இறங்கும் பாஹா கலிபோர்னியாத் தீபகற்பம், பெரும்பாலும் வற்றாத ஆறுகள் இல்லாத பாலை நிலமாகும். குளிர்காலத்திலும் இளவேனிலிலும் அமெரிக்க எல்லையை ஒட்டிய சான் டியேகோ துறைமுகத்திலிருந்து சிறு கப்பல்கள் புறப்பட்டு, இதன் மேற்குக் கரையோரமாகப் பல நாள்கள் நீளும் பயணங்களை நடத்துகின்றன. சான் பெனிட்டோ தீவுகளில் யானைச்சீல்களையும், சான் இக்னாசியோ காயலில் கன்றோடு இருக்கும் சாம்பல் திமிங்கலங்களையும், தென்முனைக் கடலில் கூன்முதுகுத் திமிங்கலங்களையும், வளைகுடாவுக்குள் நீலத் திமிங்கலங்களையும் பயணிகளுக்குக் காட்டுவதே இவற்றின் நோக்கம். மனிதன் ஒரு காலத்தில் கொன்றான், பின்னர் மனம் திருந்தி வியந்து நோக்கினான், அந்த வியப்பே காவலாக மாறியது என்ற ஒரே கதையைத்தான் இப்பயணங்களைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை சொல்கின்றன. இக்கட்டுரை அக்கதையை ஏற்கவில்லை. திமிங்கலத்தைக் காட்டும் உரிமை எவர் கையில் இருக்கிறது, அவ்வுரிமைக்கு எந்த எல்லை வகுக்கப்பட்டுள்ளது என்னும் இரண்டுமே அக்கரையில் காப்பின் அடிப்படை என்பதும், அந்த ஏற்பாட்டின் கை எட்டாத இடங்களும் உண்டு என்பதும் இங்கு வாதிக்கப்படுகின்றன.

கடலின் வளமும் நிலத்தின் வறட்சியும் அங்கு முரண்பட்டவை போலத் தோன்றினாலும், இரண்டும் பெருமளவு ஒரே காரணத்தால் விளைந்தவை. வடமேற்கிலிருந்து கரைக்கு இணையாக வீசும் காற்று, புவிச்சுழற்சியின் விளைவோடு சேர்ந்து, மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ள, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஆழ்நீர் மேலெழுச்சி எனப்படும் இந்நிகழ்வு, நைட்ரேட், பாஸ்பேட் முதலிய சத்துகளை வெயில் படும் மட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதால், மிதவைத் தாவரங்கள் என்னும் நுண்ணுயிர்கள் பெருகி, அவற்றை நம்பி மத்தியும் நெத்திலியும், அவற்றை நம்பிக் கடற்பறவைகளும் கடற்சிங்கங்களும் செழிக்கின்றன. அதே குளிர்நீர் தன்மேல் படியும் காற்றையும் குளிர்வித்துக் கனமாக்குவதால், அக்காற்று உயர எழுந்து மழைமுகிலாக முடிவதில்லை. தீபகற்பத்தின் நடுப்பகுதியான விஸ்கயீனோப் பாலையில் பல இடங்களில் ஆண்டு மழை 100 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. கடலிலிருந்து வரும் மூடுபனியின் ஈரத்தைக்கொண்டே அங்குள்ள செடிகள் பல காலம் தள்ளுகின்றன.

எனினும், இப்பயணங்களின் முதன்மை ஈர்ப்பான சாம்பல் திமிங்கலம் அந்தக் கடல்வளத்தை நாடி அங்கு வருவதில்லை. அதன் மேய்ச்சல் நிலம் ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய பெரிங், சுக்சி கடல்களின் அடித்தரை. அங்குள்ள சேற்றை வாயால் அள்ளி, அதிலிருக்கும் ஆம்பிபாட் எனப்படும் இறால் போன்ற சிற்றுயிர்களைச் சலித்து உண்பது அதன் வழக்கம். கோடையில் சேர்த்த கொழுப்பைக்கொண்டே, போகவர 16,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வலசையையும், காயலில் கழிக்கும் குளிர்காலத்தையும், ஈன்ற தாயானால் பாலூட்டலையும் அது பெரும்பாலும் பட்டினியாகவே கடந்தாக வேண்டும். தெற்கே வந்து அது தேடுவது உணவை அன்று. அலையற்ற, ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான நீரையே. ஓஹோ தே லியேப்ரே, சான் இக்னாசியோ, மக்தலேனா ஆகிய நீர்ப்பரப்புகள் அதற்கு அதைத் தருகின்றன. நன்னீர் வரத்து இல்லாமல் வெயிலில் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் காயலின் உட்கோடி கடலைவிட உப்புக் கரிக்கும். குடிநீர் இல்லாத கரையில் நகரமும் பெருந்துறைமுகமும் வளரவில்லை. திமிங்கலத்துக்குக் கிடைத்த தனிமை வறட்சி ஈட்டிக் கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

அத்தனிமை கலைந்த வரலாறு நெடியதன்று. மக்தலேனா விரிகுடாவில் 1840களின் நடுப்பகுதியில் தொடங்கிய வேட்டை, சார்லஸ் மெல்வில் ஸ்காமன் என்னும் அமெரிக்கக் கப்பல் தலைவர் 1857-58 குளிர்காலத்தில் ஓஹோ தே லியேப்ரேயின் நுழைவாயிலைக் கடந்து உள்ளே புகுந்தபின் வேகம் கொண்டது. குறுகிய நீரில் கன்றோடு அகப்பட்ட தாய்கள் படகுகளை மோதி உடைத்ததால் வேட்டைக்காரர்கள் அவ்விலங்கைப் பேய்மீன் என்றே அழைத்தனர். அதே ஸ்காமன், வட பசிபிக் கரையின் கடற்பாலூட்டிகளைப் பற்றி 1874இல் வெளியிட்ட நூலில், இந்த இனம் அற்றுப்போனவற்றோடு சேர்ந்துவிடுமோ என்ற ஐயத்தையும் பதிந்தார். கொன்றவரே துல்லியமாகக் கவனித்தவராகவும் இருந்தார் என்பதைக் கருதும்போது, கவனிப்பு தானாகக் கருணையாக மாறும் என்ற நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. யானைச்சீல்களின் கதை இன்னும் கடுமையானது. எண்ணெய்க்காக அழிக்கப்பட்டு, அற்றுப்போயிற்று என்றே கருதப்பட்ட வடக்கத்திய யானைச்சீல்களில் எட்டு, 1892இல் குவாதலூப்பே தீவில் தென்பட்டபோது, அருங்காட்சியகத்துக்காக அறிவியலாளர்கள் அவற்றில் ஏழைக் கொன்றனர். கண்ணில் படாமல் எஞ்சிய ஒரு சிறு கூட்டத்திலிருந்தும், 1922இல் மெக்சிகோ அரசு அத்தீவுக்கு அளித்த பாதுகாப்பிலிருந்தும்தான் இன்று இரண்டு லட்சத்துக்கு அளவான அந்த இனம் மீண்டது. சான் பெனிட்டோ கரையில் பயணிகள் படமெடுப்பது அக்கூட்டத்தின் வழித்தோன்றல்களையே.

சாம்பல் திமிங்கலத்துக்கான சட்டக் காப்பும் பார்வையாளருக்கு முன்பே வந்துவிட்டது. திமிங்கல வேட்டையை நெறிப்படுத்த நாடுகள் 1937இல் செய்த உடன்பாடு அதன் வணிக வேட்டையைத் தடுத்தது. 1946இன் பன்னாட்டு ஒப்பந்தம் அத்தடையைத் தொடர்ந்தது. சான் டியேகோவின் கப்ரியோ நினைவிடத்தில் வலசையைக் காணப் பொதுமக்களுக்கு மேடை அமைந்தது 1950இலும், ஒரு டாலர் கட்டணத்தில் முதல் காட்சிப் படகு புறப்பட்டது 1955இலும் ஆகும். மெக்சிகோ ஓஹோ தே லியேப்ரேயை 1972இலும் சான் இக்னாசியோவை 1979இலும் திமிங்கலப் புகலிடங்களாக அறிவித்து, 1988இல் இரண்டையும் உள்ளடக்கி ஏறத்தாழ 25 லட்சம் எக்டேரில் எல் விஸ்கயீனோ உயிர்க்கோளக் காப்பகத்தை அமைத்தது. யுனெஸ்கோ 1993இல் அக்காயல்களை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆகவே, பெருகிவிட்ட திமிங்கலங்களைத்தான் பயணத்தொழில் காட்டத் தொடங்கியது. அவற்றைப் பெருக்கிய பெருமை அதற்கு உரியதன்று.

இந்த இடத்தில், தொடக்கத்தில் சொன்ன அந்த மனமாற்றக் கதையின் நடுநாயகமாக வைக்கப்படும் நிகழ்வு ஒன்றைப் பார்க்க வேண்டும். 1972இல் சான் இக்னாசியோ மீனவரான பிரான்சிஸ்கோ மயோரால், தம் படகை விட்டு விலகாமல் உரசிக்கொண்டிருந்த திமிங்கலம் ஒன்றை அச்சத்தோடு தொட்டார். அதுவரை அக்காயலின் மீனவர்கள் திமிங்கலங்களைக் கண்டால் விலகிச் செல்வதே வழக்கமாக இருந்தது. அதற்குப் பின் தாய்கள் கன்றுகளோடு படகை நாடி வருவது அக்காயலின் தனி அடையாளமாயிற்று. இதை மன்னிப்பு என்று படிப்போர் பலர். விலங்கின் நடத்தையில் மனிதக் குற்றவுணர்வுக்கு விடை தேடும் இந்தப் படிப்பு, ஆய்வுக்கு உதவாது. வேட்டையாடப்படாத தலைமுறைகள் கடந்திருந்தன, படகுகள் துரத்தவில்லை, கன்றுகள் எதையும் உரசிப் பார்க்கும் பருவத்தில் இருந்தன, அவுட்போர்டு மோட்டாரின் ஒலியே அவற்றை ஈர்க்கிறது என்ற கருத்தும் ஆய்வாளரிடையே உண்டு. இவற்றுள் எது முதன்மையானது என்பதைவிட முக்கியமானது, படகுகள் துரத்தாமல் இருந்தால்தான் இவை எல்லாமே நிகழக்கூடும் என்பது. துரத்தாமை தனி மனிதரின் நல்லியல்பால் நிலைக்காது. போட்டியில் முந்த வேண்டிய படகுக்காரர் எவரும் துரத்தவே தலைப்படுவார்.

அங்குதான் விதி நுழைகிறது. மெக்சிகோவின் திமிங்கலக் காட்சி விதிகளின்படி, பருவத்துக்கும், படகுகளின் எண்ணிக்கைக்கும், நெருங்கும் முறைக்கும் வரம்பு உண்டு. சான் இக்னாசியோவில் காயலின் வாயை ஒட்டிய பகுதியில் மட்டுமே காட்சிக்கு இடம் உண்டு. ஒரே நேரத்தில் 16 படகுகளுக்கு மேல் அங்கு இருக்கலாகாது. ஒரு படகு தங்கும் நேரம் ஏறத்தாழ 90 நிமிடம். காயலின் உட்பகுதி முழுவதும் விலக்கப்பட்டது. சான் டியேகோவிலிருந்து உணவும் படுக்கையும் குடிநீருமாக வரும் கப்பல் நங்கூரமிட்டு நின்றுவிட, பயணிகள் பங்கா எனப்படும் உள்ளூர் மீன்படகுகளில், உரிமம் பெற்ற உள்ளூர் ஓட்டுநர்களோடுதான் திமிங்கலங்களிடம் செல்கின்றனர். படகு குறைவாகவும் கேட்போர் மிகுதியாகவும் இருப்பதால் ஒவ்வோர் இருக்கைக்கும் விலை நிற்கிறது. விலை நிற்பதால் துரத்த வேண்டிய தேவை இல்லை. இந்த ஏற்பாடு அக்கரைக்குப் புதியதும் அன்று. அருகிலுள்ள புந்தா அப்ரேயோகோஸ் போன்ற ஊர்களின் மீனவர் கூட்டுறவுகள், சிங்கி இறாலையும் அபலோனி என்னும் கடல்நத்தையையும் எடுக்கும் தனியுரிமையைப் பல பத்தாண்டுகளாகப் பெற்று, தங்கள் நீரைத் தாங்களே காவல் காத்து வந்துள்ளன. அக்கரையின் சிங்கி இறால் மீன்பிடிப்புக்கு 2004இல் நீடித்த மீன்வளத்துக்கான பன்னாட்டுச் சான்று கிடைத்தது. திமிங்கலம் காட்டும் உரிமம், கரையார் அறிந்த இந்தப் பழைய முறையின் மேல் ஏறி அமர்ந்த புதுப் பயிர் எனலாம்.

பல நாள் பயணத்தின் வருவாயில் பெரும்பங்கு கப்பலோடு எல்லை கடந்துவிடுகிறது, கரைக்குக் கிடைப்பது படகுக்கூலி மட்டுமே என்ற கண்டனம் எழுவது இயல்பு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மறுபக்கமும் எடைபோடப்பட வேண்டும்: குடிநீரே இல்லாத கரையில் பெருவிடுதிகள் எழும்பினால் நீரும் கழிவும் நிலத்தின்மேல் விழும், தன் சுமையைத் தானே சுமந்து வந்து போகும் கப்பல் நிலத்திடம் அவ்வளவாகக் கேட்பதில்லை. தவிர, அது ஒரே பயணத்தில் தீவு, காயல், திறந்த கடல், வளைகுடா என்று மாறும் சூழல்களைத் தொடர்ந்து காட்டுவதால், திமிங்கலத்தைத் தொட்டுத் திரும்பும் ஒருநாள் உலாவைவிடக் கல்வி மதிப்பு மிக்கது. கடல் உயிரியலாளர் எட்வர்ட் ரிக்கெட்ஸும் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கும் 1940இல் ஒரு மத்திப் படகை அமர்த்தி அந்த வளைகுடாவைச் சுற்றியபோது, உயிர்களை இடத்தோடும் ஒன்றோடொன்றும் தொடர்புபடுத்திக் காண்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தனர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

உரிமையின் வலிமை சோதிக்கப்பட்டது உப்பின் விவகாரத்தில். வெயிலும் காற்றும் தட்டையான நிலமும் மழையின்மையும் திமிங்கலத்துக்கு ஏற்ற அளவே உப்பளத்துக்கும் ஏற்றவை. ஓஹோ தே லியேப்ரேயை ஒட்டிய கெரேரோ நீக்ரோவில் 1950களில் தொடங்கிய உப்பளம், ஆண்டுக்கு ஏறத்தாழ 70 லட்சம் டன் உப்பெடுக்கும் உலகின் மிகப்பெரிய சூரிய உப்பளமாக வளர்ந்தது. மெக்சிகோ அரசும் மிட்சுபிஷி நிறுவனமும் கூட்டாக நடத்திய அந்நிறுவனம், 1990களின் நடுவில், சான் இக்னாசியோவிலும் இன்னொரு பேருப்பளத்தையும், கடலுக்குள் ஒரு மைலுக்கு மேல் நீளும் ஏற்றுமதித் துறையையும் முன்மொழிந்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2000 மார்ச்சில் அதிபர் எர்னெஸ்தோ செதியோ திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். எதிர்த்தவர்களின் வாதம் முழுதும் பழுதற்றதன்று: பழைய உப்பளத்தின் பக்கத்திலேயே திமிங்கலங்கள் தொடர்ந்து ஈன்று வந்தன, எனவே உப்பு அவற்றைக் கொல்லும் என்று மெய்ப்பிப்பது எளிதாக இருக்கவில்லை. உள்ளூரிலிருந்து வந்த உறுதியான எதிர்ப்பு, தங்கள் இறாலுக்கும் அபலோனிக்கும் அஞ்சிய புந்தா அப்ரேயோகோஸ் கூட்டுறவினரிடமிருந்து வந்தது என்பதே கவனத்துக்குரியது. திமிங்கலம் உலகின் கவனத்தை ஈர்த்துத் தந்தது. இழக்க ஏதோ ஒன்று கையில் இருந்தவர்கள் கரையில் நின்றனர். 2005இல், காயலின் கரை நிலத்துக்கு உரிய எஹிடோ, அதாவது நிலச்சீர்திருத்தத்தால் உருவான கூட்டு நிலவுடைமைச் சமூகம், ஆண்டுதோறும் கிடைக்கும் ஒரு தொகைக்கு ஈடாக அந்நிலத்தை வளர்ச்சித் திட்டங்களுக்குக் கொடுக்காதிருக்க உடன்பட்டதும் இதே தர்க்கத்தின் நீட்சி.

காட்டுவதால் வரும் காப்பு, தன்னைக் காட்டிக்கொள்ளும் விலங்குக்கே கிடைக்கிறது. அதே தீபகற்பத்தின் மறுபுறம், வளைகுடாவின் வடகோடியில் வாழும் வகீத்தா என்னும் சிறு கடற்பன்றி படகொலி கேட்டதும் விலகிவிடும் கூச்சமுள்ளது. எந்தப் பயணக் கப்பலும் அதைக் காட்டி வருவாய் ஈட்ட முடியாது. 1993இல் அங்கும் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஆயினும் தோத்தோவாபா மீனின் நீந்துபைக்குச் சீனச் சந்தையில் கிடைக்கும் கொள்ளை விலைக்காக விரிக்கப்படும் செவுள்வலைகளில் சிக்கி மாண்டு, வகீத்தா இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. சட்டம் இரு கரைக்கும் ஒன்றுதான். ஒரு கரையில் உயிருள்ள விலங்கிலிருந்து பிழைப்பவர் இருந்தனர், மற்றதில் இல்லை.

வெற்றி பெற்ற கரையிலும் அந்த ஏற்பாடு காயலின் வாயோடு நின்றுவிடுகிறது. கிழக்கு வட பசிபிக் சாம்பல் திமிங்கலத்தை அமெரிக்கா 1994இல் அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. 2016இல் எண்ணிக்கை ஏறத்தாழ 27,000ஆக மதிப்பிடப்பட்டது. 2019இல் தொடங்கிய பெருஞ்சாவில் மெலிந்த உடல்கள் மெக்சிகோ முதல் அலாஸ்கா வரை கரையொதுங்கின. 2023இல் மதிப்பீடு 14,500 அளவுக்கு இறங்கிற்று. கடற்பனியின் மாற்றத்தோடு ஆர்க்டிக் அடித்தரையின் இரை குறைந்ததையே ஆய்வாளர்கள் முதன்மைக் காரணமாகக் காண்கின்றனர். 16 படகு என்ற வரம்பும் உள்ளூர் உரிமமும் வடக்கே வெறுமையாகும் மேய்ச்சல் நிலத்தை நிரப்பா. ஆனால் கொழுப்புக் குறைந்து வரும் தாய்க்குக் காயலில் செலவாகும் ஒவ்வொரு துளி ஆற்றலும் முன்னைவிட விலைமிக்கது என்பதால், வளமான ஆண்டுக்கும் வறிய ஆண்டுக்கும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இனி நியாயம் இல்லை. படகு வரம்பு அவ்வாண்டில் எண்ணப்படும் தாய்-கன்று இணைகளைப் பொறுத்து ஏறி இறங்க வேண்டும், அதனால் படகோட்டிகளுக்கு ஏற்படும் இழப்பைக் கப்பல் நிறுவனங்களும் பகிர வேண்டும். 2025இல் அமெரிக்க அரசின் கணிப்பு மொத்த எண்ணிக்கையை ஏறத்தாழ 13,000 என்றும், கலிபோர்னியாக் கரையைக் கடந்து வடக்கே சென்ற கன்றுகளை ஏறத்தாழ 85 என்றும் தெரிவித்தது.