பாய்மரப் பள்ளிகள்: பிரித்தானியக் கடற்படையின் பயிற்சிக் கப்பல்கள்

நீந்தக் கற்பவன் நீரில் இறங்கியே கற்றல் வேண்டும். ஆயின் அவன் நீரில் இறங்கும் முதல் நாளே இறுதி நாளாகாமற் காத்தல் கற்பிப்போன் கடனாகும். இவ்விரு நியதிகளுக்கும் இடையே நிகழ்ந்த இழுபறியே கடற்படைப் பயிற்சிக் கப்பல்களின் வரலாறு எனலாம். தரையிற் கட்டிய கல்லூரியிலே கடலை முற்றாகக் கற்பித்தல் இயலாது. கடலிலே கற்பிக்கப் புகுந்தாற் கற்போரின் உயிருக்கு உறுதி கூறல் இயலாது. இச்சிக்கலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரித்தானியக் கடற்படை எவ்வாறு எதிர்கொண்டது, அதற்கு என்ன விலை கொடுத்தது, அவ்விலையினாற் பெற்ற அறிவு யாது என்பன ஆராய்தற்குரியன.

பதினெட்டாம் நூற்றாண்டிலே கடற்படை அதிகாரியாக விரும்பிய சிறுவன் கல்விக்கூடத்தை நாடவில்லை. கப்பற்றலைவன் ஒருவனின் ஆதரவையே நாடினான். உறவினாலோ செல்வாக்கினாலோ அத்தலைவனின் கப்பலில் இடம்பெற்று, பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே கடல் ஏறி, கண்டும் கேட்டும் அடிபட்டும் தொழில் பழகினான். போட்ஸ்மத் துறைமுகத்திலே 1733இல் அரச கடற்படைக் கழகம் ஒன்று திறக்கப்பட்டதாயினும் அதனூடாகச் சென்றோர் சிலரே. புத்தகக் கல்வியை ஐயுறும் மனப்பான்மை பழைய தளபதிகளிடம் வேரூன்றியிருந்தது. 1837இல் அக்கழகம் இளைஞர்க்கு மூடப்பட்டது.

சாதாரண மாலுமியின் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. போர்க்காலத்தில் வணிகக் கப்பல்களிலிருந்தும் துறைமுகத் தெருக்களிலிருந்தும் ஆட்களை வலிந்து பிடித்துச் செல்லுதல் வழக்கமாயிருந்தது. பிடிபட்டவர்கள் ஒரு கப்பலின் பணிக்காலம் முடிந்ததும் கலைக்கப்பட்டனர். அடுத்த கப்பலுக்கு மீண்டும் ஆள் தேட வேண்டியதாயிற்று. நீராவி இயந்திரமும் புதிய பீரங்கிகளும் கப்பலுட் புகுந்தபோது இம்முறை நிலைத்தல் அரிதாயிற்று. 1853இலே தொடர்சேவை முறை ஏற்படுத்தப்பட்டது. சிறுவனாகச் சேர்ந்தவன் பதினெட்டு வயதிலிருந்து பத்தாண்டுகள் பணிபுரிய உடன்பட்டான். கடற்படைக்கு நிலையான ஆட்கள் கிடைத்தனர். அவர்களைப் பயிற்றும் பொறுப்பும் உடன் வந்து சேர்ந்தது.

அப்பொறுப்பை நிறைவேற்றக் கைக்கெட்டிய கருவி பழங்கப்பலாகும். நெப்போலியன் காலத்துக்கும் அதற்கு அண்மிய காலத்துக்கும் உரிய பெரும் மரக்கப்பல்கள் பல, போருக்கு உதவாதனவாய்த் துறைமுகங்களிலே கிடந்தன. 1857இல் ‘இலஸ்திரியஸ்’ என்னும் கப்பல் கடற்படை மாணாக்கர்க்குரிய பள்ளியாக்கப்பட்டது. இடம் போதாமையால் 1859இலே ‘பிரித்தானியா’ என்னும் மூன்றடுக்குக் கப்பல் அதனிடத்தைப் பெற்றது. 1820இல் நீரில் இறக்கப்பட்டு 120 பீரங்கிகளைத் தாங்கிய இக்கப்பல், கிரைமியப் போரிலே செவஸ்தபோல் நகர்மீது குண்டுமாரி பொழிந்த படையிற் சேர்ந்திருந்ததாகும். 1862இற் போட்லாந்துக்கும், அடுத்த ஆண்டிலே தெவன் மாகாணத்து டாட்மத்துக்கும் அது கொண்டுசெல்லப்பட்டது. குன்றுகள் சூழ்ந்த டாட் ஆற்றின் கழிமுகத்திலே நங்கூரமிட்டு நின்ற அக்கப்பலுடன் 1864இல் ‘இந்துஸ்தான்’ என்னும் இரண்டடுக்குக் கப்பல் ஒன்றும் பாலத்தால் இணைக்கப்பட்டது. 1869இலே பழைய பிரித்தானியா நீக்கப்பட, அதனினும் பெரிய ‘வேல்ஸ் இளவரசர்’ என்னும் கப்பல் அங்கு வந்து பிரித்தானியா என்னும் பெயரையே ஏற்றது.

அங்கே மாணாக்கர் கணிதமும் வானியல் வழிகாண் கலையும் கயிறு முடிதலும் பாய் விரித்தலும் பயின்றனர். இரவிலே தூங்குமஞ்சங்களிற் படுத்தனர். முன்பாய்மரம் ஏறிப் பழகுதற்கென விட்டுவைக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராய இளவரசரும் அவர் தமையனாரும் 1877இல் இங்கே மாணாக்கராயினர். பயிற்சி முடிந்தபின் அவர்கள் ‘பாக்காந்தி’ என்னும் கப்பலில் மேற்கொண்ட நெடும்பயணத்திலே 1882இல் இலங்கைக்கும் வந்து சென்றனர்.

மாலுமிச் சிறுவர்க்கும் இவ்வாறே மிதக்கும் பள்ளிகள் அமைந்தன. போட்ஸ்மத்திலே ‘சென் வின்சென்ற்’, டெவன்போட்டிலே ‘இம்பிரெக்னபில்’, பால்மத்திலே ‘கங்கை’ எனப் பழங்கப்பல்கள் பல நங்கூரமிட்டு நின்றன. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உணவும் உடையும் எழுத்தறிவும் ஒருங்கே கிடைத்த இடங்கள் அவை. ஒழுக்கக் கட்டுப்பாடு கடுமையானது. பிரம்படியும் அதன் ஒரு பகுதியாயிருந்தது.

எனினும் நங்கூரமிட்ட கப்பல் கப்பல்வடிவான கட்டிடமேயன்றிக் கப்பலன்று. அலையின் அசைவையும் காற்றின் மாற்றத்தையும் அது காட்டாது. எனவே துறைமுகப் பயிற்சி முடித்த இளைஞரைப் பாய்க்கப்பல்களில் ஏற்றி ஆழ்கடலுக்கு அனுப்பும் முறை வகுக்கப்பட்டது. இம்முறைக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட கப்பல்களுள் ஒன்றே ‘யூரிடிசி’.

1843இல் நீரில் இறக்கப்பட்ட யூரிடிசி 26 பீரங்கிகளையுடையது, விரைவிற் பெயர்பெற்றது. 1877இலே பயிற்சிக் கப்பலாகத் திருத்தப்பட்டு, மார்க்கஸ் ஹெயர் என்னும் தலைவரின்கீழ் அவ்வாண்டு நவம்பரில் மேற்கிந்தியத் தீவுகளை நோக்கிப் புறப்பட்டது. குளிர்காலத்தை அங்கே கழித்து, 1878 மார்ச் 6ஆம் நாள் பெர்மியூடாவை விட்டு நீங்கியது. அத்திலாந்திக்கைக் கடந்து, மார்ச் 24ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், வைற் தீவின் கரையோரமாகப் போட்ஸ்மத்தை அணுகிக்கொண்டிருந்தது. வீடு கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாய்கள் விரிந்திருந்தன, காற்றோட்டத்துக்காகப் பீரங்கி வாயில்களும் திறந்திருந்தன.

தீவின் உயர்ந்த பாறைக்கரை, அதற்கப்பால் வந்துகொண்டிருந்த புயன்முகிலை மறைத்துவிட்டது. ஏறக்குறைய நான்கு மணியளவிலே பனிமழையோடு கூடிய சூறைக்காற்று திடீரெனக் கப்பலைத் தாக்கியது. பாய்களைச் சுருக்க ஆணை பிறந்தது. அதனை நிறைவேற்ற அவகாசம் இருக்கவில்லை. கப்பல் ஒருபுறம் சாய்ந்தது. திறந்த வாயில்களினூடாகக் கடல் உட்புகுந்தது. சில நிமிடங்களிற் கப்பல் மறைந்தது. சூறை வந்தவாறே கடந்துசென்றபின் அவ்வழியே வந்த ‘எம்மா’ என்னும் சிறு கப்பல் ஐவரை நீரிலிருந்து தூக்கியது. உயிர் பிழைத்தோர் கடிபோட், பிளெச்சர் என்னும் இருவரே. 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பயிற்சி பெற்றுவந்த இளைஞர்.

கரையில் நின்று அக்கப்பலின் வருகையைப் பார்த்தோருள் மூன்று வயதுச் சிறுவனாகிய வின்ஸ்டன் சேர்ச்சிலும் ஒருவர். பிற்காலத்தில் தம் இளமை வரலாற்றை எழுதியபோது அக்காட்சியை அவர் நினைவுகூர்ந்தார். அவ்வாண்டிலேயே கவிஞர் ஜெராட் மான்லி ஹொப்கின்ஸ் இவ்வழிவைப் பொருளாகக்கொண்டு கவிதை யாத்தார். மூழ்கிய கப்பல் சில மாதங்களில் மீட்கப்பட்டது. இராணுவ மன்று விசாரித்து, திடீர்ப் புயலே காரணம் என்றும், தலைவர்மீதோ மாலுமிகள்மீதோ குற்றமில்லை என்றும் தீர்த்தது.

மக்கள் மனத்திலிருந்து இத்துயரம் நீங்குமுன் இரண்டாவது இடி விழுந்தது. யூரிடிசியின் இடத்தை நிரப்புதற்கு 1844இல் இறக்கப்பட்ட ‘யூனோ’ என்னும் கப்பல் தெரிந்தெடுக்கப்பட்டு ‘அத்தலாந்தா’ எனப் பெயர் மாற்றப்பட்டது. அதுவும் 26 பீரங்கிக் கப்பலே. அதுவும் மேற்கிந்தியத் தீவுகளுக்கே சென்றது. 1880 ஜனவரி 31ஆம் நாள் 281 பேருடன் பெர்மியூடாவை விட்டுத் தாயகம் நோக்கிப் புறப்பட்ட அக்கப்பலைப் பின்னர் எவரும் கண்டிலர். கால்வாய்க் கடற்படை அதனைத் தேடி அத்திலாந்திக்கிலே அலைந்தது. மரத்துண்டுதானும் கிடைக்கவில்லை. யூரிடிசி கரையின் கண்முன்னே அழிந்தது. அத்தலாந்தாவோ எங்கே, எவ்வாறு அழிந்தது என்பதற்குச் சாட்சி இல்லாது போயிற்று. அவ்வீடுகளில் தாய்மார் வாரக்கணக்காகச் செய்திக்குக் காத்திருந்தனர்.

ஈராண்டுக்குள் ஏறத்தாழ 600 உயிர்களை இழந்த பின்னர் பிரித்தானியரிடையே எழுந்த வினா ஒன்று: கடற்போர் நீராவிக்கு மாறிய காலத்திலே இளைஞரைப் பாய்மரத்தில் ஏற்றுவது எதற்காக? இவ்வினா வலுவற்றதன்று. பாய்மரமே இல்லாத ‘டெவாஸ்தேஷன்’ என்னும் பெரும் போர்க்கப்பல் 1873இலேயே, அதாவது யூரிடிசி மூழ்குவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, பணிக்கு ஆயத்தமாகிவிட்டது. நாளை தாம் பயன்படுத்தப்போகாத கருவியைக் கற்றற்பொருட்டு இளைஞர் உயிர்விட்டனர் என்பது குற்றஞ்சாட்டியோர் வாதம். இயந்திரத்தையும் பீரங்கியையும் கற்கவேண்டிய காலத்தைக் கயிறும் பாயும் விழுங்கிவிட்டன எனவும் அவர்கள் கூறினர்.

பாயை ஆதரித்தோரின் விடையும் எளிதிற் தள்ளத்தக்கதன்று. பாய்மரத்தின் உச்சியிலே, ஆடும் குறுக்குமரத்திற் கால்பதித்து நிற்பவன் அஞ்சாமையைக் கற்கின்றான். பக்கத்தில் நிற்பவன் தன் கடனைச் செய்யாவிடிற் தன் உயிர் போம் என்பதை அறிந்து கூட்டுழைப்பைக் கற்கின்றான். வானத்தையும் நீரையும் நோக்கி வரப்போவதை முன்னறியும் பழக்கம் பெறுகின்றான். இவை இயந்திரக் கப்பலிலும் வேண்டப்படும் பண்புகள். பாய் கருவியன்று, ஆசிரியன் என்பதே அவர்கள் கருத்தின் சாரம்.

இருசாராரும் கவனியாது விட்டதொன்று உண்டு. யூரிடிசியைக் கவிழ்த்தது பாய் மட்டுமன்று. திறந்திருந்த வாயில்களும், பழகாத இளைஞரே கப்பலில் மிகுந்திருந்தமையுமாம். அனுபவமுள்ளோர் பலரிடையே கற்போர் சிலர் இருத்தல் ஒன்று. கற்போரே பெருந்தொகையினராய் இருத்தல் வேறொன்று. அவசரவேளையில் முன்னது பாதுகாப்பாகும், பின்னது ஆபத்தாகும். 1885இலே பாயும் இயந்திரமும் ஒருங்கேயுடைய கப்பல்களைக்கொண்டு பயிற்சிப் படைப்பிரிவொன்று அமைக்கப்பட்டது. தனித்து அலையாமல் கப்பல்கள் கூட்டமாகச் சென்றன. அந்நூற்றாண்டின் இறுதியில் அதுவும் கலைக்கப்பட்டது. 1902இலே செல்போண் பிரபுவும் தளபதி பிஷரும் வகுத்த புதிய திட்டம், அதிகாரியாக வரும் மாணாக்கர் அனைவரும் இயந்திரவியலையும் கற்றல் வேண்டும் என விதித்தது. 1905இல் டாட்மத் குன்றின்மேல் எழுந்த கற்கட்டிடக் கல்லூரிக்கு மாணாக்கர் மாறினர். கீழே ஆற்றில் நின்ற பிரித்தானியா 1916இல் இழுத்துச் செல்லப்பட்டு உடைக்கப்பட்டது. ஆயின் குன்றின்மேல் நிற்கும் அக்கல்லூரி இன்றும் ‘பிரித்தானியா’ என்னும் பெயரையே தாங்குகின்றது.

இப்பழங்கப்பல்களுள் இலங்கையர்க்குத் தனியுரிமை உடையதொன்று உண்டு. அதன் பெயர் ‘திருகோணமலை’. ஆங்கிலேயரிடம் ஓக்கு மரம் அருகிய காலத்தில், மலையாளக் கரையின் தேக்கு மரத்தால், பம்பாயிலே, வாடியா குடும்பத்துப் பார்சிக் கப்பற்றச்சராகிய ஜம்செட்ஜி பொமன்ஜி இதனைக் கட்டினார். கட்டுதற்குரிய வரைபடங்களை ஏற்றிவந்த ‘ஜாவா’ என்னும் கப்பல் 1812இல் அமெரிக்கரால் அழிக்கப்பட்டதால், வேறு படங்கள் வரும்வரை வேலை தாமதித்தது. 1817 அக்டோபர் 12ஆம் நாள் அது நீரில் இறங்கியது. 1819இல் இங்கிலாந்தை அடைந்தபோது போர்கள் முடிந்துவிட்டன. கால்நூற்றாண்டுக்கு மேல் வாளாவிருந்து, பின்னர் அமெரிக்கக் கரைகளிலும் பசிபிக் சமுத்திரத்திலும் 1857 வரை பணிபுரிந்தது. யூரிடிசியைப்போல இதுவும் அப்போது 26 பீரங்கிகளே தாங்கியது.

1860ஆம் ஆண்டளவில் இக்கப்பல் கடற்படைச் சேமப்படையினரைப் பயிற்றும் கப்பலாகிச் சண்டலாந்து, மேற்கு ஹாட்டில்பூல், சவுத்தாம்ரன் ஆகிய துறைகளில் நின்றது. 1897இற் கப்பலுடைப்போனுக்கு விற்கப்பட்டது. அவ்வாண்டிலேதான் நெல்சனின் பழைய கொடிக்கப்பலாகிய ‘பூட்றோயன்’, அதனை வாங்கியிருந்த வீற்லி கொப் என்பாரின் கையிலிருந்தபோது பிளக்பூல் கரையில் உடைந்தது. அவர் திருகோணமலையை உடைப்போனிடமிருந்து மீட்டு, இழந்த கப்பலின் பெயரை அதற்கு இட்டு, இளைஞர் பயிலும் கப்பலாக்கினார். முதலிற் பால்மத்திலும் பின்னர் போட்ஸ்மத்திலும் 1986 வரை அப்பணி நடைபெற்றது. 1987இல் ஹாட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டு, 1992இற் பழைய பெயரை மீளப் பெற்று, 2001இல் முற்றாகப் புதுப்பிக்கப்பட்டது. இன்றும் நீரில் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் இதுவே மிகப் பழையது. போரிற் புகழ் பெறாத கப்பல் பள்ளியாக நின்று நெடுவாழ்வு பெற்றது. அதன் உடலைக் காத்ததில் தேக்கின் உறுதிக்கும் அதை இழைத்த தச்சரின் கைக்கும் பெரும்பங்கு உண்டு.

பாய்ப்பயிற்சியை ஆங்கிலேயர் கைவிட, வேறு நாட்டார் தொடர்ந்தனர். 1932 யூலை 26ஆம் நாள் ஜெர்மானியரின் ‘நியோபி’ என்னும் பயிற்சிக் கப்பல் பேமார்ன் கடற்கால்வாயிலே திடீர்ச் சூறையாற் கவிழ்ந்து 69 பேரைப் பலிகொண்டது. கோடை வெப்பத்துக்காகத் திறந்திருந்த வாயில்கள் இங்கும் கடலுக்கு வழிவிட்டன. ஐம்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்ந்தது. ஆயின் ஜெர்மானியர் பாயைக் கைவிடவில்லை, கப்பலைத் திருத்தினர். அடுத்த ஆண்டு ஹம்பேக்கிலே இறக்கப்பட்ட ‘கோர்க் பொக்’ பெருஞ்சாய்விலிருந்தும் தானே நிமிரத்தக்கதாக, அடிப்பாரம் மிகுத்துக் கட்டப்பட்டது. அவ்வமைப்பில் எழுந்த கப்பல்கள் 1945க்குப் பின்னர் பல நாடுகளின் பள்ளிகளாயின: ஒன்று அமெரிக்கக் கரைக்காவற் படையின் ‘கழுகு’ ஆயிற்று, மற்றொன்று பிரேசிலிடம் சென்று, பின் போத்துக்கேயரின் ‘சாக்ரஸ்’ ஆயிற்று. முதற்கப்பலோ சோவியத்து நாட்டின் ‘தவாரிஷ்’ ஆகிப் பின்னர் 2003இல் ஜெர்மனிக்கே மீண்டது.

இந்தியக் கடற்படையும் 1997இலே ‘தரங்கிணி’ என்னும் மூன்று பாய்மரக் கப்பலைப் பணியிற் சேர்த்தது. அது 2003, 2004ஆம் ஆண்டுகளில் உலகைச் சுற்றிவந்தது. அக்கப்பல் கோவாவிலே கட்டப்பட்டது. திருகோணமலையைக் கட்டிய பம்பாயும் அம்மேலைக்கரையின் துறையே.

இவ்வரலாற்றினின்றும் பெறப்படும் முடிபு யாது? பாயைப் பழித்தோர் முற்றாக வென்றிலர். போற்றியோரும் முற்றாக வென்றிலர். அணுவிசைக் கப்பல்கள் ஓடும் காலத்திலும் கடற்படைகள் தம் இளைஞரைக் கயிற்றேணியில் ஏற்றுகின்றன. ஆதலால் பாயின் கல்விப்பயன் மெய்யே. ஆயின் துணிவைக் கற்பித்தற்குக் கவனமின்மை வேண்டியதில்லை என்பதை யூரிடிசியும் அத்தலாந்தாவும் நியோபியும் காட்டின. மாணாக்கன் ஆபத்தை எதிர்நோக்கலாம். அவ்வாபத்தை அளந்தறிந்து அவனுக்கு முன் நிற்றல் ஆசிரியன் கடமை. திறந்திருக்கும் வாயிலை மூட நினையாதவன் எத்துணைப் பெரிய கடலோடியாயினும் நல்லாசிரியன் ஆகான். கடலிற் கற்பிப்போர்க்கு மட்டுமன்றி, கரையிற் கற்பிப்போர்க்கும் இஃது ஒக்கும்.