மாத்தளைக் கோப்பித் தோட்டங்களும் சட்டத்தின் இரு முகங்களும்

அண்மைக்காலப் பொருளியற் சிந்தனையில் நிறுவனங்களின் தரம் பற்றிய கோட்பாடு முதன்மை பெற்றுள்ளது. சொத்துரிமை உறுதியாக இருந்து, ஒப்பந்தங்கள் முறையாகக் காக்கப்படின் அந்நிய மூலதனம் வரும். அதன்வழி வளர்முக நாடு வளம்பெறும் என்பதே அதன் சாரம். 1990இல் டக்ளஸ் நோர்த் விரித்துரைத்த இச்சிந்தனை, 2024இல் அசெமோக்லு, ஜோன்சன், றொபின்சன் ஆகியோர் நோபல் பரிசு பெற்றபின் மேலும் செல்வாக்கடைந்தது. பின்னவர் மூவரும் நிறுவனங்களை அனைவரையும் உள்ளடக்குவன, சுரண்டுவன என இருவகைப்படுத்துவர். இப்பாகுபாடு வரலாற்றின் முன் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை மாத்தளையின் கோப்பிக் காலத்தைக் கொண்டு நோக்குவோம்.

1830களின் தொடக்கத்தில் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களின் விளைவாக இராசகாரியம் ஒழிந்தது. தீவு முழுவதற்கும் ஒரே நிருவாகமும் நீதியமைப்பும் ஏற்பட்டன. நிலப்பிரபுத்துவக் கட்டாய ஊழியம் நீங்கியமை முற்போக்கானதே, அதனை மறுப்பதற்கில்லை. 1835இல் பிரித்தானியச் சந்தையில் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் தீர்வை சமமாக்கப்பட, பிரித்தானிய மூலதனம் கண்டி மலைநாட்டை நாடிவந்தது.

ஆயின் அம்மூலதனத்துக்கு விற்பதற்கு நிலம் முதலில் அரசுடைமையாதல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை நிறைவேற்றியது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியன எனக் கொள்ளப்பட்டன. கண்டிப் பகுதியில் சேனை நிலத்துக்கு உரிமை கோரிய குடியானவன், மானியப் பட்டயத்தையோ வரி செலுத்தியமைக்கான சான்றையோ காட்ட வேண்டியிருந்தது. வழக்காற்றின்படி சேனை செய்தும் காட்டில் மாடு மேய்த்தும் வாழ்ந்தவனிடம் பட்டயம் ஏது? 1844 வரை முடிக்குரிய நிலம் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியோருள் அரசாங்க உயர் அதிகாரிகளும் இருந்தனர். தோட்டத்துரையின் சொத்துரிமையை உறுதிசெய்த அதே சட்டமே குடியானவனின் உரிமையை நிலைகுலைத்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஒப்பந்தப் பாதுகாப்பின் கதையும் இதுவே. 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தொழிலாளி ஒப்பந்தத்தை மீறுவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்த தமிழ்த் தொழிலாளர், கங்காணியிடம் பட்ட கடனோடு இச்சட்டத்தின் பிடியிலும் சிக்கினர். நீதிமன்றம் அவர்களுக்குத் தொலைவில் இருந்ததில்லை. ஆனால் அது அவர்களுடையதாக இருந்ததுமில்லை.

கோப்பி விலை வீழ்ந்த நெருக்கடியின் நடுவே, 1848இல் ஆள்பதி டொரிங்டன் துப்பாக்கி, நாய், கடை முதலியவற்றுக்கு வரி விதித்தார். வீதிச் சட்டம் ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்பை அல்லது அதற்கீடான பணத்தைக் கோரியது. ஒழிந்ததாகக் கூறப்பட்ட கட்டாய ஊழியம் தோட்டங்களுக்கு வேண்டிய வீதிகளின் பெயரால் மீண்டது. யூலை 26இல் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டான்; அடுத்த சில நாட்களில் கிளர்ச்சியாளர் மாத்தளையைத் தாக்கினர். இராணுவச் சட்டம் பிறந்தது. ஓகஸ்ட் 8இல் புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டான். பிரித்தானியப் பாராளுமன்ற விசாரணையின் பின் டொரிங்டன் 1850இல் பதவியிழந்தார். நிலச் சட்டமோ நிலைத்தது.

வளர்ச்சி நிகழவில்லை எனக் கூறுவார் இலர். கோப்பி ஏற்றுமதி பெருகியது. அதில் கிராமத்துச் சிறுதோட்டக் கோப்பியும் குறிப்பிடத்தக்க பங்கு வகித்தது. ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பி கிருஷிக் கும்மி’ 1869இல் வெளிவந்தபோது, உழைப்போரின் கலைவடிவமாகிய கும்மி தோட்ட நிருவாகத்தின் குரலாக ஒலித்தது. அதே ஆண்டில் இலைத்துரு நோய் தோன்றியது. 1880இல் புகையிரதம் மாத்தளையை எட்டியபோது கோப்பி சரிந்துகொண்டிருந்தது. மூலதனம் தேயிலைக்கு மாறியது. குடியானவனின் நிலம் திரும்பவில்லை.

கிளர்ச்சிக்குச் சரியாக நூறாண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர்கள் உழைத்த தோட்டங்களின் உடைமையுரிமைக்கு அப்போது யாதொரு ஊறும் நேரவில்லை. 1978 அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரை அந்நிய முதலீட்டு உடன்படிக்கைகளுக்குத் தனிக் காப்பளிப்பதையும் இத்தொடர்ச்சியில் வைத்தே நோக்குதல் தகும்.

மாத்தளையில் உள்ளடக்கும் நிறுவனமும் சுரண்டும் நிறுவனமும் வெவ்வேறாக இருக்கவில்லை. ஒரே சட்டத்தின் இரு முகங்களாக இருந்தன. சட்டம் வேண்டாமென்பது எமது வாதமன்று. நிறுவனம் வலிதா நலிதா என அளவிடுமுன், அது எவ்வர்க்கத்தின் நிலத்தையும் உழைப்பையும் காக்கிறது, எவ்வர்க்கத்தினதைக் கவர்கிறது என்று வினவுதல் வேண்டும். அவ்வினாவைத் தவிர்க்கும் வளர்ச்சிக் கோட்பாடு, எத்துணை நுட்பமான கணிதத்தைக் கொண்டிருப்பினும், தோட்டத்துரையின் கணக்கேடாகவே எஞ்சும்.