சாமிப்படத்துக்குப் பின்னால கிடந்த பொப் இசை

கொட்டாஞ்சேனையில ஒரு அன்ரி வீட்டுப் பிள்ளையார் படத்தின் கண்ணாடி வெடித்துப்போக, பிரேம் மாற்றிக் கொண்டுவரச் சொல்லி எங்களில் ஒருவரிடம் தந்துவிட்டார். பின் தட்டைக் கழற்றினால், மடித்து வைத்த பழைய பேப்பர். அதில் ஒரு பொப் இசை நிகழ்ச்சி விளம்பரம். பாடகர்களின் பெயர் இருந்த பக்கத்தைப் பூச்சி தின்றுவிட்டது. மிஞ்சியது ஒரு கிட்டார் படம், ரிக்கற் விலை, "முன்போயா தினம் மாலை" என்ற வரி. ஆண்டு இல்லை. நாளைக்கு நடக்கிற நிகழ்ச்சிக்கு ஆண்டு எதுக்கு?

ஆனால் அந்த "முன்போயா" போதும். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு வார விடுமுறை இல்லை. டட்லி சேனநாயக்க அரசாங்கம் சந்திரனைப் பார்த்து கிழமையை மாற்றியது. போயா நாள் முழு லீவு, முந்தின நாள் அரை லீவு. சில கிழமைக்கு எட்டு நாளும் வந்தது. 1971இல் சிறிமாவோ அரசாங்கம் ஞாயிறைத் திருப்பித் தந்தது. அதுக்குப் பிறகு ஒருத்தரும் முன்போயா எண்டு விளம்பரம் போட்டிருக்க மாட்டினம் எண்டு சத்தியம் பண்ண ஏலாது. எண்டாலும் அந்தத் துண்டு அந்த ஐந்தாறு வருசத்துக்குள்ளதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இங்கிலீஷ் விளம்பரம் சேர்ப்பவர்களுக்கு வேலை சுகம். 'சிலோன்' என்றிருந்தால் பெரும்பாலும் 1972 மேக்கு முந்தியது, 'ஸ்ரீலங்கா' என்றால் பிந்தியது. தமிழில் இலங்கை அன்றைக்கும் இலங்கைதான், இன்றைக்கும் இலங்கைதான். எங்கட ஆக்களுக்கு அந்த உதவி கூட இல்லை.

இந்தத் துண்டுகளுக்கு ஏன் இவ்வளவு மினக்கெடுகிறோம் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்துப் பாட்டுகளில் இசைத்தட்டிலும் வானொலியிலும் போனவை கொஞ்சம் தப்பிவிட்டன. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' இன்றைக்கும் கலியாண வீட்டில் ஒலிக்கிறது. திருகோணமலைப் பரமேஸ், கோணேஸ் சகோதரர்களின் பாட்டுகளைத் தேடினால் கேட்கலாம். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடலைத் தாண்டியே போனது. 1977இல் இளையராஜா இசையில் 'அவர் எனக்கே சொந்தம்' படத்திலும் வந்தது. அங்கே அவர் 'சிலோன் மனோகர்', இங்கே 'பொப் இசைச் சக்கரவர்த்தி'. ஆனால் மேடை அப்படியில்லை. சிங்களமும் தமிழும் கலந்த பைலா அடிக்கு சனம் எழும்பி ஆடின அந்த இரவுகளைப் பெரும்பாலும் ஒருத்தரும் பதிவு பண்ணவில்லை. எந்த மண்டபம், யார் யார் ஒரே மேடையில், ரிக்கற் எத்தனை ரூபாய் என்பதற்கு மிஞ்சியிருக்கிற சாட்சி பல நேரம் இந்த நாலு அங்குலக் கட்டம்தான்.

அதையும் அப்படியே நம்பக் கூடாது. விளம்பரம் சொல்வது நடந்ததை இல்லை, நடத்தப்போவதை. 1969 வூட்ஸ்டொக் விழாவின் முதல் விளம்பரங்கள் இடம் வால்கில் என்றன. ஊர்க்காரர் எதிர்க்க, விழா பெத்தலுக்குப் போனது. ஜெஃப் பெக் பெயரும் விளம்பரத்தில் இருந்தது, ஆள் வரவில்லை. உலகமே பார்த்த விழாவுக்கே அந்தக் கதி என்றால், ஒரு மழை இரவில் கொழும்பு மண்டபத்துக்கு அறிவித்த அத்தனை பேரும் வந்தார்களா என்று யார் சொல்லுவது? அதனால் துண்டு கிடைத்தால் அடுத்த நாள் பேப்பரையும் தேடுவோம். பெரும்பாலும் கிடைக்காது. தினபதியை எடுத்தால் 1974இல் சீல் வைக்கப்பட்டு 1977 வரை இடைவெளி. ஈழநாட்டைத் தேடினால், 1981இல் யாழ் நூலகத்தை எரித்த அதே நாட்களில் அதன் அலுவலகமும் எரிந்தது.

வீடுகளிலோ கேட்கவே வேண்டாம். வெள்ளவத்தையில் ஒரு ஐயா, இளமையில் கிட்டார் வாசித்தவர், கேட்டதும் சிரித்தார். "தம்பிமார், ரெண்டு அல்பம் நிறைய ஒட்டி வைச்சிருந்தனான். எல்லாம் எண்பத்திமூண்டில போட்டுது." இந்தப் பதிலை எத்தனை வாசலில் கேட்டிருப்போம்! யூலைக் கலவரத்தில் உயிர் தப்ப ஓடினவர் அல்பத்தைத் தூக்கிக்கொண்டா ஓடுவார்? அவர் பிறகு சொன்னதுதான் எங்களுக்கு இன்னும் மனசுக்குள் கிடக்கு. "நான் மேடையில ஏறினது எண்ட பிள்ளையளுக்கே கதைதான். காட்ட ஒண்டுமில்லை."

எங்கட பிழையையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பழைய பேப்பர்க் கட்டு வாங்கி, விளம்பரங்களை மட்டும் கத்தரிக்கோலால் வடிவாக வெட்டி பைலில் போட்டோம். பிறகு ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தால் மரண அறிவித்தல் ஒன்று. பெயரின் பாதி எங்களிடம், மற்றப் பாதி, ஊர், பிள்ளைகள் பெயரோடு குப்பைக்குப் போய்விட்டது. திகதி இருந்த பக்கத்தின் தலையும் அதோடு போனது. அன்றிலிருந்து வெட்டுவதில்லை. முழுப் பக்கத்தையும் வைத்து, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, எங்கே யாரிடம் கிடைத்தது என்று எழுதுகிறோம். கொழும்பு 7 தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருந்து பழைய தினகரன், வீரகேசரி புரட்டும்போதும் அதே ஒழுங்குதான்.

பிள்ளையார் படத்துத் துண்டையும் அப்படிச் செய்தோம். பின்பக்கத்தில் ஒரு சினிமா விளம்பரத்தின் மூலை தெரிகிறது. படத்தின் பெயர் பிடிபட்டால் ஆண்டும் பிடிபடும். அன்ரியிடம் துண்டை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். "அது அவர் வைச்சது, அப்படியே இருக்கட்டும்" என்றார். அவர் என்றது காலமான கணவரை. பேப்பரைப் பழைய மடிப்பிலேயே மடித்து, பிள்ளையாருக்குப் பின்னால் வைத்து, புதுக் கண்ணாடியோடு ஆணி அடித்துக் கொடுத்தோம்.