புஷ் மாற்றியவர்கள்: பத்மினி டாக்சியின் அடிப்பக்க வரலாறு

நீண்ட பதிவு. பொறுமை உள்ளோர் வாசிக்கலாம்.

2023 அக்டோபர் 30 முதல் மும்பைச் சாலைகளில் பிரீமியர் பத்மினி டாக்சி சட்டப்படி இல்லாமலாயிற்று. கடைசி வண்டி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. டாக்சிகளுக்குரிய 20 ஆண்டு வரம்பு முடிந்ததும் அதுவும் விடைபெற்றது. அந்த வாரம் ஏராளமான இரங்கற் கட்டுரைகள் வந்தன. பூப்போட்ட கூரைத் துணி, வெளியே பொருத்திய மீட்டர், வண்டி வந்துபோன இந்தித் திரைப்படங்கள் எனப் பலவும் நினைவுகூரப்பட்டன. நல்ல கட்டுரைகள்தாம். ஆனால் அவை அனைத்தும் பின்னிருக்கையில் அமர்ந்து எழுதப்பட்டவை. வண்டியின் அடியில் சாக்குவிரித்து மல்லாந்து படுத்தவனுக்குத் தெரிந்த பத்மினி அவற்றில் இல்லை.

‘அந்தக் கால வண்டி, உறுதியானது, அதனால் நீடித்தது’ என்பதே பொதுவான விளக்கம். இதை என்னால் ஏற்க இயலவில்லை. பத்மினியின் மூட்டுகள் விரைவில் தேய்பவை. தேய்ந்த மூட்டைக் கைக்கருவிகளைக் கொண்டு தெருவோரத்திலேயே மாற்ற இயன்றது, மாற்றத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். வண்டி நீடித்ததற்கு அதுவே காரணம். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வளர்ந்தவன் என்ற முறையிலும், தொழிற்சொற்களை ஆராய்பவன் என்ற முறையிலும், அந்த மூட்டுகளுக்குள் இருந்த ஒரு சிறு பொருளைப் பற்றி எழுதுகிறேன். அதன் பெயர் புஷ்.

முதலில் வண்டி. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் தொழிற்சாலை குர்லாவில் இருந்தது. தாராவியிலிருந்து அது மிகச் சில கிலோமீட்டர் தொலைவுதான். தொடக்கத்தில் அமெரிக்கக் கிறைஸ்லர் நிறுவனத்தின் வண்டிகளையும், பிறகு இத்தாலிய ஃபியட்டையும் அங்கே பூட்டினார்கள். 1954-இல் ஃபியட் 1100 வந்தது. பாகங்களை உள்நாட்டிலேயே செய்யத் திட்டமில்லாத அயல்நாட்டு நிறுவனங்கள் வெளியேறிய காலம் அது. சிவ்டியில் 1928 முதல் வண்டி பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸும் 1954-இல் கடையைக் கட்டியது. அதன்பின் கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட், சென்னைக்கு ஸ்டாண்டர்டு என்று ஆலை இருந்த ஊருக்கேற்ப வண்டி அமைந்தது. 1964-இல் வந்த ‘டிலைட்’ மாதிரி 1970-களில் பிரசிடென்ட் ஆகி, பிறகு பத்மினி ஆனது. பெயர் மாறினாலும் எலும்புக்கூடு மாறவில்லை. 1990-களில் மும்பையில் ஓடிய கறுப்பு–மஞ்சள் டாக்சிகள் 60,000-ஐத் தாண்டின. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இந்த வண்டியே.

உரிம ஆட்சிக் காலத்தின் இந்தத் தேக்கத்தைப் பொருளியலாளர்கள் கடிந்து எழுதியிருக்கிறார்கள். வண்டி வாங்கப் பல்லாண்டு காத்திருந்தவர்களுக்கு அது நியாயமான கடிதல்தான். பழுது பார்ப்பவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 35 ஆண்டுகள் ஒரே அமைப்பு என்றால், ஒருவன் இருபது வயதில் கற்ற வேலை ஐம்பத்தைந்து வயதிலும் செல்லும். கற்றதைத் தம்பிக்கும் மருமகனுக்கும் கொடுக்கலாம். குர்லா சி.எஸ்.டி. சாலையின் உதிரிபாகக் கடையில் எந்த ஆண்டு வண்டி என்று கேளாமலே புஷ்ஷை எடுத்துக் கொடுப்பார்கள்.

இனி இடம். லேபர் கேம்ப் தாராவியை ஒட்டிய உழைப்பாளர் குடியிருப்பு. அண்ணாபாவ் சாட்டே வாழ்ந்த இடம், 1940-களில் செங்கொடிக் கலைக்குழு எழுந்த இடம் என்று மராத்திய இலக்கிய வரலாற்றில் அதற்குப் பெயர் உண்டு. தமிழ் வரலாற்றில் அது பெரிதும் எழுதப்படாதது. நெல்லைச் சீமையிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட மக்கள் இங்கே ஆலையிலும் துறைமுகத்திலும் மாநகராட்சித் துப்புரவிலும் ரயில்வேயிலும் உழைத்தார்கள். 1915-இல் ஜி.ஐ.பி. ரயில்வே நிறுவிய மாட்டுங்காப் பணிமனை அருகிலேயே உள்ளது. டாக்சித் தொழிலில் வடவர்தாம் பெரும்பான்மை என்றாலும் எங்கள் பகுதியிலும் சில ஓட்டுநர்கள் இருந்தார்கள். என் தாய்மாமா அவர்களில் ஒருவர்.

வாகனக் கையேடுகளில் ‘வீட்டிலேயே செய்யலாம்’ என்று எழுதியிருக்கும். அந்த ‘வீடு’ எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். கதவுள்ள கொட்டகை, சமதளத் தரை, சுவரில் வரிசையாகத் தொங்கும் கருவிகள், ஞாயிறு மதிய ஓய்வு. லேபர் கேம்ப்பில் வீடு என்பது பத்துக்குப் பத்து அறை. கட்டிலுக்கு அடியில் கருவிப்பெட்டி, வாசலுக்கு வெளியே தெரு. அந்தத் தெருவே பட்டறை. தண்ணீர் வரும் நேரம் முடிந்து, குடங்களும் பிளாஸ்டிக் பீப்பாய்களும் அகன்ற பின்னர்தான் வண்டியைத் தூக்க இடம் கிடைக்கும். ஓய்வுக்காக இதைச் செய்தவர் எவருமில்லை. வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய வருமானம் இல்லை, ஆனால் அன்றைய வாடகையோ கடன் தவணையோ நிற்காது.

புஷ் என்பது என்ன? ஓர் இரும்புக் குழாய்க்குள் இன்னொரு சிறு குழாய், இரண்டுக்கும் இடையே இரப்பர். அவ்வளவுதான். பத்மினியின் முன்சக்கரங்களை மேலும் கீழுமாகக் கரங்கள் தாங்குகின்றன. அக்கரங்கள் வண்டியின் உடலோடு சேரும் மூட்டுகளில் இந்த இரப்பர் இருக்கும். பின்பக்கம் வில்பட்டைகளின் காதுகளிலும் இருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது கரம் அசையும், இரப்பர் முறுக்கிக்கொண்டு அந்த அசைவை விழுங்கும். உலோகத்தோடு உலோகம் உரசுவதில்லை. 1920-களில் பிரான்சில் ‘சைலன்ட் பிளாக்’ என்ற பெயரில் பரவிய முறை இது. ஓசையற்ற கட்டை என்பது பொருள். நம் மெக்கானிக்குகள் இன்றும் அப்பெயரைச் சொல்கிறார்கள், பிரெஞ்சுத் தொடர்பு தெரியாமலே.

அதற்கு முந்தைய புஷ் முழுக்க உலோகத்தாலானது. அது மசகால் வாழ்ந்தது. மாட்டுவண்டி அச்சுக்குப் பூசும் கறுப்பு மைக்கு வழங்கிய ‘மசகு’ என்ற சொல்லே இன்று உயவுப்பொருளுக்குரிய பாடநூற்சொல். இரப்பர் புஷ்ஷோ மசகால் அழிவது. கனிம எண்ணெய் பட்டால் இயற்கை இரப்பர் உப்பிப் பஞ்சாகிவிடும். ‘கிறீச்சென்றால் எண்ணெய் விடு’ என்ற நூற்றாண்டுகாலக் கைப்பழக்கத்தை இந்த ஒரு பாகத்துக்காக மறக்க வேண்டியிருந்தது. சோப்புத் தண்ணீர் தடவித்தான் ஏற்ற வேண்டும், எண்ணெய்க் கையோடு தொடக்கூடாது என்பதைச் சிறுவயதிலேயே நாங்கள் கேட்டு வளர்ந்தோம். கடைக்கு அனுப்பும்போது பணத்தோடு சேர்த்துச் சொல்லி அனுப்பப்படும் விதி அது.

சொல்லையும் பார்த்துவிடுவோம். புதருக்குரிய ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. ‘பெட்டி’ என்னும் பொருளில் பழைய டச்சு மொழியில் வழங்கிய ‘புஸ்ஸெ’ என்பதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் இலத்தீன் வழியே, ஒருவகை மரத்தாற் செய்த சிமிழைக் குறித்த கிரேக்கச் சொல்லுக்குப் போகிறது. ‘பாக்ஸ்’ என்பதும் அதே குடும்பம். சக்கரத்தின் நடுக்குடத்தில் அச்சைக் கோக்கும் பகுதிக்குச் சங்கப் பாடல்களில் ‘குறடு’ என்று பெயர். இன்று குறடு என்றால் ஆணி பிடுங்கும் கருவி. மும்பைத் தமிழர் அதையும் விட்டு ‘பக்கட்’ என்கிறார்கள், ஸ்பேனரைப் ‘பானா’ என்கிறார்கள். இரண்டும் இந்தி–மராத்தி வழிவந்தவை. புஷ் மட்டும் எல்லா மொழியிலும் புஷ்தான். எங்கள் தெருவுக்கு அச்சொல் டாக்சிகளுக்கு முன்பே ரயில்வேப் பணிமனை ஃபிட்டர்களின் வாய்வழி வந்திருக்கும் என்பது என் ஊகம்.

புஷ் தேய்ந்ததை முதலில் அறிவது காது. சிறு பள்ளத்திலும் ‘டொக்’ என்று ஒரு தட்டு. பிறகு பிரேக் பிடித்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். டயரின் ஓரம் மட்டும் வழுவழுப்பாகும். மும்பையில் ஜூனில் தொடங்கும் மழை செப்டம்பரில் ஓயும்போது சாலையில் பள்ளங்களையும் வண்டிகளில் இந்த ஓசையையும் விட்டுச் செல்லும். எனவே எங்கள் தெருவில் புஷ் மாற்றும் பருவம் மழைக்குப் பின்.

முதல்நாள் இரவே நட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைப்பார்கள், கடற்காற்றில் இரும்பு அப்படி இறுகியிருக்கும். காலையில் ஜாக்கியால் தூக்கி, உடலுக்கடியில் கனத்த மரக்கட்டைகளை அடுக்குவார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது தடை, சிறுவர்கள் எட்டிப் பார்ப்பதும் தடை. ஆபத்தான கட்டம் அடுத்தது. கீழ்க்கரத்தின்மேல் சுருள்வில் அமுங்கி அமர்ந்திருக்கும். கரத்தைத் திடீரென விடுவித்தால் அந்த வில் ஒரு மனிதனை முடித்துவிடும். ஆகவே இரண்டாவது ஜாக்கியைக் கரத்தின் அடியில் முட்டுக்கொடுத்து, அதை மெல்ல மெல்ல இறக்கி வில்லின் மூச்சைப் போகவிடுவார்கள். அந்தச் சில நிமிடங்கள் தெருவில் பேச்சிருக்காது.

கழன்ற கரத்திலிருந்து பழைய புஷ்ஷைத் தள்ள பெரிய பட்டறைகளில் அழுத்து எந்திரம் உண்டு. இங்கே அந்த வேலையைச் செய்தது ஒரு நீண்ட போல்ட், ஒரு நட்டு, இரண்டு குழாய்த் துண்டுகள். ஒரு துண்டு புஷ்ஷைவிடச் சற்றுச் சிறியது, மற்றது சற்றுப் பெரியது. போல்ட்டை இரண்டுக்குள்ளும் கோத்து நட்டை முறுக்க முறுக்க, சிறியது தள்ளும், பெரியது வாங்கிக்கொள்ளும். சம்மட்டியால் அடித்துக் கரத்தை வளைப்பவனுக்கு இந்தத் தெருவில் மரியாதை கிடையாது. புதியதை ஏற்றுவதும் இதே முறைதான், சோப்புத் தண்ணீரோடு.

கடைசி விதியே இந்தத் தொழிலின் உயிர். கரத்தை மாட்டியதும் போல்ட்டை முழுக்க இறுக்கக்கூடாது. வண்டியை இறக்கி, நான்கு சக்கரங்களும் தரையில் ஊன்றி, தன் எடையிலேயே நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் உட்குழாய் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரைக்கு வந்ததும் இரப்பர் ஓய்வின்றி முறுக்குண்டு கிடந்து, சில மாதங்களில் கிழிந்துவிடும். பொறியியல் கையேடுகள் சொல்வதும் இதையேதான். மாமா எந்தக் கையேட்டையும் படித்தவரல்லர். மனிதன் எழுந்து நின்ற பிறகுதான் வேட்டியை இறுக்கவேண்டும், படுத்துக்கொண்டு இறுக்கினால் நடக்கும்போது அறுக்கும் என்பார். இயந்திரவியலில் ‘முன்முறுக்கு’ என்று கற்பிக்கப்படுவதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இன்னும் காணவில்லை.

இத்தனை பாடும் எதற்கு? பயணி இருபது நிமிடம் அமர்கிறார். ஓட்டுநர் பன்னிரண்டு மணிநேரம் அமர்கிறார். இரப்பர் விழுங்காத அதிர்வை அவர் முதுகெலும்பு விழுங்குகிறது. அதிர்விலிருந்து யாருடைய உடல் காக்கப்படவேண்டும் என்பது நம் நாட்டில் எப்போதும் பொறியியல் கேள்வியாக மட்டும் இருந்ததில்லை. கலைச்சொல் அகராதிகள் ‘தொங்கல் அமைப்பு’ என்று மொழிபெயர்ப்பதை மக்கள் வெகுகாலமாக ‘வில்’ என்றே சொன்னார்கள். வில் வைத்த மாட்டுவண்டி வில்வண்டி. அது செல்வரின், மேல்சாதியாரின் வாகனம். 1893-இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டியில் ஏறி, ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார். அந்தச் சாலைகளில் நடக்கவும் உரிமையற்றிருந்தவர்களின் வழித்தோன்றல்கள், பம்பாய்க்கு வந்து வில்லையும் புஷ்ஷையும் தம் கையால் கழற்றி மாட்டினார்கள். இதை அவர்கள் சாதனையாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை என்றே சொன்னார்கள்.

இன்னொரு தொடர்பும் எனக்கு எப்போதும் தோன்றும். நெல்லையிலிருந்து சிலர் தாராவிக்கு வந்த அதே காலத்தில், தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் மக்கள் மலாயாவுக்குப் போய்ப் பால்மரம் வெட்டினார்கள். உலகின் மோட்டார் வண்டிகளுக்குள் சென்ற இரப்பரில் அவர்கள் உழைப்பு கணிசமானது. சஞ்சிக்கூலி வரலாறு எழுதுவோர் அந்த இரப்பர் டயரானதோடு நிறுத்திவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத மூட்டுகளுக்குள்ளும் அது போயிற்று.

பத்மினிக்குப் பின்வந்த சிறுகார் டாக்சிகளிலும் புஷ் உண்டு. ஆனால் பெரும்பாலும் கரம், புஷ், பந்துமூட்டு எல்லாம் சேர்ந்த ஒரே தொகுதியாக விற்கிறார்கள். அதற்கு ‘அசெம்ப்ளி’ என்று பெயர். பழையதை எறி, புதியதை மாட்டு. வேலை விரைவாக முடிகிறது என்பதை மறுக்கவில்லை, செலவு பன்மடங்கு என்பதையும் சொல்லவேண்டும். குழாய்த் துண்டுகளுக்கு அங்கே வேலையில்லை.

தெருவுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. தாராவி மறுசீரமைப்புக்காக 2024-இல் தொடங்கிய கணக்கெடுப்பில் ஒவ்வொரு கதவுக்கும் எண் இட்டார்கள். தகுதியுடையோர்க்கு 350 சதுர அடி வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். பத்துக்குப் பத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது பெரிய இடம், வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கதவுக்கு வெளியே இருந்த பட்டறைக்கு எண் இல்லை. அங்கு நடந்த வேலையின் சொற்களையேனும் எழுதிவைப்போம் என்று சென்ற ஆண்டு முதல் குறிப்பெடுத்து வருகிறேன். இதுவரை 140 சொற்கள் சேர்ந்துள்ளன. மும்பையிலோ ஊரிலோ பத்மினி ஓட்டியவர்கள், பழுது பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், மூட்டுகளுக்கும் கருவிகளுக்கும் அவர்கள் வழங்கிய பெயர்களைக் கேட்டுச் சொல்லுங்கள். குறிப்பாக அந்த இரண்டு குழாய்த் துண்டுகளுக்கு. எங்கள் தெருவில் பெரியதை ‘மாமியார்’ என்றும் சிறியதை ‘மருமகள்’ என்றும் சொன்னார்கள். வேறு ஊரில் வேறு உறவாகவும் இருக்கலாம்.