ஒரே வருஷம் பொறந்த ரெண்டு லேப்டாப்

பழைய லேப்டாப் ஒண்ணு மலிவா கிடைக்குது, லினக்ஸ் போட்டு ஓட்டிக்கலாம்னு நினைக்கிறீங்களா? காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கதையைக் கேட்டுடுங்க.

2008-ம் வருஷம். நெட்புக் எனப்படும் குட்டி லேப்டாப்கள் சூடாக விற்ற காலம். டெல் நிறுவனம் அப்போ மினி 9, மினி 12 என்று இரண்டு மாடல்களைக் கொண்டுவந்தது. இரண்டிலும் இன்டெலின் ஆட்டம் புராசஸர். இரண்டையுமே உபுண்டு லினக்ஸோட வாங்க முடிந்தது. பார்த்தா அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

வித்தியாசம் கிராபிக்ஸ் சிப்பில் இருந்தது. மினி 9-ல் ஜிஎம்ஏ 950. அது இன்டெலின் சொந்த வடிவமைப்பு. அதற்கான டிரைவர் திறந்த நிரலாக லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருந்தது. மினி 12-ல் ஜிஎம்ஏ 500. பேரைக் கேட்டா ஒரே குடும்பம்னு தோணும். ஆனா உள்ளே இருந்தது, பிரிட்டனைச் சேர்ந்த இமேஜினேஷன் டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் பவர்விஆர் வடிவமைப்பு. அதன் 3டி டிரைவர் மூடிய நிரல்.

அதனால என்னன்னு கேட்கலாம். கெர்னலின் உள்ளமைப்பு மாறிக்கிட்டே இருக்கும். டிரைவர் கெர்னலுக்குள்ள இருந்தா, மாத்துறவங்களே அதையும் சேர்த்துச் சரிபண்ணிடுவாங்க. வெளியே மூடிக் கிடந்தா, கொடுத்த கம்பெனிதான் ஒவ்வொரு தடவையும் மெனக்கெடணும். மினி 12, அதோடு வந்த உபுண்டு 8.04-ல் ஒழுங்காக ஓடியது. புது வெர்ஷனுக்கு மாறப் பார்த்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

2011-ல், அப்போது இன்டெலில் இருந்த ஆலன் காக்ஸ் எழுதிய திறந்த டிரைவர், கெர்னல் 2.6.39-ல் சேர்ந்தது. திரையில் படம் ஒழுங்காக வந்தது. 3டி மட்டும் வரவே இல்லை. மூணு வருஷம் காத்திருந்தவங்களுக்குக் கிடைச்சது பாதிதான்.

அப்போ மினி 9 ஜெயிச்சிடுச்சா? ரொம்ப நாள் தாக்குப்பிடிச்சது. ஆனா அதன் புராசஸர் 32 பிட். 2017-ல் உபுண்டு 17.10, 32 பிட் டெஸ்க்டாப்புக்கான இன்ஸ்டாலரை நிறுத்தியது. டெபியன் 12 வரை கைகொடுத்தது. 2025-ல் வந்த டெபியன் 13-ல் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரும் இல்லை, கெர்னலும் இல்லை.

அதனால கடைக்குப் போறப்போ ஒரு லைவ் பென்டிரைவ் எடுத்துட்டுப் போங்க. இன்ஸ்டால் பண்ணாமலே பூட் பண்ணுங்க. புராசஸர் 64 பிட்டான்னு பாருங்க. எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்து, கிராபிக்ஸ், வைஃபை ரெண்டும் உண்மையிலேயே எந்தச் சிப்புன்னு பாருங்க; அதுக்கு டிரைவர் கெர்னல்லயே இருக்கான்னு தேடுங்க. வீடியோ ஓட்டுங்க, மூடித் தூங்க வெச்சுத் திரும்ப எழுப்புங்க. பத்து நிமிஷ வேலை. ஸ்டிக்கர்ல இருக்கிற பேரை மட்டும் நம்பி வாங்கிடாதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.